ஈரப் பழமும் ஈரம் பொறுக்காத சாக்லேட்டும்

(ஃபுளோரிடா மாநிலம் டாம்பா வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் கூட்டத்தில், சூப்பர் பவுலுக்கு முந்தைய வாரம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரும் ஞாயிற்றுக்கிழமை சூப்பர் பவுல், அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டம். இங்கே உட்கார்ந்திருக்கும் குடும்பங்களில் பாதிக்கு மேல் அன்று மாலை யார் வீட்டிலாவது கூடியிருக்கும். ஆட்டம் புரிந்தவர்கள் டிவிக்கு முன்னால் இடம் பிடித்துவிடுவார்கள். மற்றவர்கள் சமையலறைப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருப்பார்கள். "என்ன கொண்டு வரட்டும்?" என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். "ஒன்றும் வேண்டாம், நீங்கள் வந்தால் போதும்" என்று சொல்லியிருப்பார்கள். ஆனாலும் வெறுங்கையோடு போக நமக்கு மனசு வராது. சாக்லேட்டில் தோய்த்த பழங்களை ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதை நன்றாகச் செய்வது எப்படி என்றும் சொல்கிறேன்.

அந்த நாளின் மேசையை நினைத்துப் பாருங்கள். இந்த ஒரு ஆட்டத்துக்காக அமெரிக்கா எத்தனை கோழி இறக்கைத் துண்டுகளைச் சாப்பிடும் என்று தேசியக் கோழிக் கவுன்சில் ஆண்டுதோறும் கணக்குச் சொல்லும். அண்மை ஆண்டுகளில் அது 140 கோடியைத் தாண்டி நிற்கிறது. அதோடு மாட்டிறைச்சி போட்ட சில்லி, பன்றி இறைச்சி, அவற்றின் மேல் உருக்கிய சீஸ். சைவம் சாப்பிடுகிற நம் வீட்டுப் பெரியவர்கள் இரண்டு சிப்ஸை எடுத்து சல்சாவில் தொட்டுக்கொண்டு, நான்கு மணி நேரத்தைச் சிரித்த முகத்தோடு கடத்துவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழத்தட்டு வந்தால் அவர்களும் தயங்காமல் கை நீட்டலாம். கோதுமை ஆகாதவர்களும் பெரும்பாலும் சாப்பிடலாம், சாக்லேட் உறையில் எழுதியிருப்பதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டால் சரி.

நாம் வாழும் ஊருக்கும் இந்தத் தட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 2021 பிப்ரவரி 7 அன்று நம் பக்கனியர்ஸ் அணி இதே டாம்பாவில் சீஃப்ஸை 31-9 என்று வென்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். சொந்த மைதானத்திலேயே சூப்பர் பவுல் ஆடிய முதல் அணி அதுதான். அந்த மைதானத்திலிருந்து ஐ-4 நெடுஞ்சாலையில் கிழக்கே போனால், அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான தொலைவில் பிளான்ட் சிட்டி. குளிர்கால ஸ்ட்ராபெரியின் தலைநகர் என்று பெயர் வாங்கிய ஊர். 1930இல் தொடங்கிய ஸ்ட்ராபெரித் திருவிழா இன்றும் அங்கே நடக்கிறது. நாட்டின் ஸ்ட்ராபெரியில் பெரும்பங்கு கலிஃபோர்னியாவில்தான் விளைகிறது. ஆனால் வடக்கே நிலமெல்லாம் பனி மூடிக் கிடக்கும் டிசம்பர் முதல் மார்ச் வரை, கிழக்குப் பாதிக்குப் பழம் அனுப்பும் வயல்கள் நம் பக்கத்தில் இருக்கின்றன. 1967இல் முதல் சூப்பர் பவுல் ஜனவரியில் நடந்தது. இப்போது சில ஆண்டுகளாகப் பிப்ரவரியின் இரண்டாவது ஞாயிறு என்று நிலைத்துவிட்டது. அதனால் ஆட்டமும் காதலர் தினமும் நம் வயல்களில் பழம் குவியும் காலமும் ஒரே வாரத்தில் வந்து சேர்கின்றன. சாக்லேட்டும் ஸ்ட்ராபெரியும் கடைகளில் அடுத்தடுத்து அடுக்கியிருப்பது அதனால்தான்.

அந்த வயல்களில் நடக்கும் ஒன்றைச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போகலாம். இரவில் வெப்பம் உறைநிலைக்குக் கீழே போகும் என்று தெரிந்தால், பிளான்ட் சிட்டி விவசாயிகள் தெளிப்பான்களைத் திறந்து விடிய விடிய செடிகளின் மேல் தண்ணீர் அடிப்பார்கள். காலையில் இலையும் பூவும் காயும் கண்ணாடிப் பனிக்குள் அடைபட்டு நிற்கும். முதல் தடவை பார்ப்பவர்களுக்குப் பயிர் அத்தனையும் போய்விட்டது என்றே தோன்றும். உண்மையில் அந்தப் பனிதான் செடியைக் காப்பாற்றியிருக்கும். தண்ணீர் உறையும்போது தன்னிடமுள்ள வெப்பத்தை வெளியே விடுகிறது. ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது வெளிவரும் வெப்பம், அதே அளவு தண்ணீரை 80 டிகிரி செல்சியஸ் சூடேற்றப் போதும். தெளித்துக்கொண்டே இருக்கும்வரை உறைதலும் நடந்துகொண்டே இருக்கும், செடியும் உறைநிலைக்குக் கீழே போகாமல் தப்பும். நடுவில் நிறுத்தினால் போச்சு. 2010 ஜனவரியில் இந்தக் குளிர் 11 நாள் விடாமல் அடித்தது. எல்லா விவசாயிகளும் ஒரே நேரத்தில் இறைத்ததில் நிலத்தடி நீர்மட்டம் சுமார் 60 அடி இறங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் நிலம் உள்வாங்கிப் பள்ளம் விழுந்தது, வீட்டுக் கிணறுகள் வற்றின. நம் தட்டுக்கு வரும் பழத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட இரவுகள் இருக்கின்றன. அதைப் பறிப்பதும் ஒவ்வொன்றாக மனிதர் கையால்தான், குனிந்த முதுகோடு. அந்தப் பழத்தை அரைகுறையாகத் துடைத்து, ஏதோ ஒரு கொழுப்பில் முக்கி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உறையும்போது வெப்பம் வெளிவரும் என்றேன். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாக்லேட்டும் அப்படித்தான்.

சாக்லேட் உறுதியாக இருப்பதும், உடைக்கும்போது டக்கென்று சத்தம் வருவதும், பளபளப்பதும் அதிலுள்ள கோகோ வெண்ணெயால். அந்தக் கொழுப்பு ஆறு விதமாகப் படிகமாகும். அவற்றில் ஐந்தாவது வகைதான் நமக்கு வேண்டியது. அது கிட்டத்தட்ட 34 டிகிரி செல்சியஸில் உருகும், நம் உடல் சூடு 37. விரலில் சற்று நேரம் தாங்கி, வாயில் போட்டவுடன் கரைவதற்கு அந்தச் சிறிய இடைவெளிதான் காரணம். சாக்லேட்டை உருக்கி அப்படியே ஆறவிட்டால் எல்லா வகைப் படிகமும் கலந்துவிடும். அப்போது அது இறுக நேரமாகும், சாம்பல் கோடுகள் விழும், தொட்டால் கையில் ஈஷிக்கொள்ளும். சரியான படிகத்துக்கு அதைக் கொண்டுவருவதைத்தான் டெம்பரிங் என்கிறோம். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பதம் தப்பினால் எத்தனை நல்ல வெல்லம் போட்டும் பயனில்லை.

வீட்டில் செய்ய எளிய வழி இது. 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம் டார்க் சாக்லேட்டைக் கத்தியால் பொடியாக நறுக்குங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். மீதியைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, மைக்ரோவேவைப் பாதி வலுவில் வைத்து, முப்பது வினாடிக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் கிளறி உருக்குங்கள். சமையல் தெர்மாமீட்டர் 45 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும், ஃபாரன்ஹீட்டில் 113. அங்கே நிறுத்திவிட்டு, எடுத்து வைத்த துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, 31 அல்லது 32 டிகிரிக்கு இறங்கும்வரை பொறுமையாகக் கிளறுங்கள். ஃபாரன்ஹீட்டில் அது 88 முதல் 90. தொழிற்சாலையிலேயே பதம் செய்யப்பட்ட அந்தத் துண்டுகளில் நமக்கு வேண்டிய படிகம் ஏற்கனவே இருக்கிறது. அது உருகிய சாக்லேட்டுக்குள் விதையாக விழுந்து மற்றதையும் தன் வகையாகவே இறுகச் செய்கிறது. பால் சாக்லேட்டுக்கு 29, 30 டிகிரி. வெள்ளை சாக்லேட்டுக்கு இன்னும் ஒரு டிகிரி குறைவு. பதம் வந்ததா என்று பார்க்கக் கத்தி முனையைத் தோய்த்து மேசையில் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் பளபளப்போடு இறுகினால் வந்துவிட்டது. தோய்த்துக்கொண்டிருக்கும்போதே கிண்ணத்தில் கெட்டிப்பட்டால் ஹேர் டிரையரை ஒரு பக்கமாகக் காட்டிக் கிளறினால் இளகும். சாக்லேட் செய்பவர்களே அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் 34ஐத் தாண்ட விடாதீர்கள். தாண்டினால் படிகம் கலைந்துவிடும், மறுபடி நறுக்கிய துண்டு போட்டு முதலிலிருந்து இறக்க வேண்டும்.

எந்த சாக்லேட் வாங்குவது? பட்டையாக வருவதை வாங்குங்கள். குக்கிக்குப் போடும் சிப்ஸில் கோகோ வெண்ணெய் குறைவு. அடுப்பில் உருவம் கலையாமல் நிற்பதற்காகவே அதை அப்படிச் செய்கிறார்கள், அதனால் உருக்கினாலும் கூழாகத்தான் நிற்கும். மிட்டாய் பூச்சு என்று வட்டவட்டமாக விற்பதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் பாமாயில் வகைக் கொழுப்பு இருக்கும். அதற்கு டெம்பரிங் தேவையில்லை, அவசரத்துக்கு உதவும், அழகாகவும் இறுகும். ஆனால் வாயில் கரையாது, ஒரு பிசுக்கு நாக்கில் படிந்து நிற்கும், பழத்தின் புளிப்பு அதற்குள் அமுங்கிவிடும். கோகோ வெண்ணெயின் இடத்தில் வேறு தாவரக் கொழுப்பு இருந்தால் இந்த நாட்டில் அதை வெறுமனே 'சாக்லேட்' என்று பெயரிட்டு விற்க முடியாது. அதனால் உறையின் முன்பக்கத்தைப் படித்தாலே பாதி தெரிந்துவிடும், பின்பக்கம் மீதியைச் சொல்லும். விலை அதிகம்தான். உலகின் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்டிலும் கானாவிலும் சிறு விவசாயிகள் விளைவிப்பது. அங்கே விளைச்சல் சரிந்ததில் 2024இல் ஒரு டன் விலை 10,000 டாலரைத் தாண்டியது. தட்டில் பழத்தின் எண்ணிக்கையைக் குறைத்தாலும் குறையுங்கள், சாக்லேட்டின் தரத்தைக் குறைக்காதீர்கள் என்பதே என் கருத்து.

இனி ஈரம். இந்தப் பலகாரத்தின் முழுச் சிக்கலும் இங்கேதான். ஸ்ட்ராபெரியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். சாக்லேட்டில் தண்ணீர் அநேகமாக இல்லை. கோகோத் தூளும் சர்க்கரைத் துகளும் கொழுப்பில் மிதந்துகொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். அதில் சில சொட்டுத் தண்ணீர் விழுந்தால் சர்க்கரைத் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வழவழவென்று இருந்தது ஒரே நிமிடத்தில் திரண்டு கட்டியாகிவிடும். ஈரக் கரண்டியே போதும் அதைக் கெடுக்க. அப்படி ஆனதைத் தோய்க்கப் பயன்படுத்த முடியாது, ஆனால் கொட்டவும் வேண்டாம். சூடான பாலை இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினால் சர்க்கரை முழுதும் கரைந்து நல்ல சாஸ் ஆகிவிடும். அதைக் கிண்ணத்தில் ஊற்றிப் பழத்தோடு வைத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

ஸ்ட்ராபெரியைக் கண்ணருகில் வைத்துப் பாருங்கள். மேலே புள்ளி புள்ளியாக இருப்பவை ஒவ்வொன்றும் தனிக் காய். தாவர நூல்படி உண்மையான கனி அவைதான், நாம் சாப்பிடும் சதை பூவின் அடிப்பகுதி பருத்து வந்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. கழுவிய தண்ணீர் போய் ஒளிந்துகொள்வது அந்தக் குழிகளில்தான். மேலோட்டமாகத் துடைத்தால் போகாது. கழுவி, பருத்தித் துண்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். காம்பு இலைகளுக்கு அடியில் துண்டின் நுனியை விட்டு ஒற்றி எடுங்கள். இலையைக் கிள்ளக் கூடாது. கிள்ளிய இடத்தில் சாறு கசியத் தொடங்கும், அது சாக்லேட்டுக்கும் பழத்துக்கும் நடுவில் புகுந்து உறையைக் கழற்றிவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பழத்தை உடனே தோய்ப்பதும் தவறு. நம் ஊர்க் காற்றில் அது வேர்த்துவிடும். அதோடு, குளிர்ந்த பழம் சூடேறும்போது லேசாக விரியும், அதற்குள் இறுகிவிட்ட சாக்லேட் விரிசல் விடும்.

வாங்கும்போதே பெட்டியைத் திருப்பி அடியில் பாருங்கள். ஈரக் கறை இருந்தால் வேண்டாம். ஸ்ட்ராபெரி பறித்த பிறகு பழுக்காது. காம்பை ஒட்டிய பகுதி வெளுத்திருந்தால் வீட்டில் வைத்தாலும் வெளுப்புதான்.

தோய்ப்பதற்கு இலைகளைத் தலைமுடி போலச் சேர்த்துப் பிடியுங்கள். கிண்ணத்தைச் சாய்த்து, பழத்தைப் படுக்கவைத்தபடி இறக்கி, ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இலைக்குக் கீழே ஒரு விரல் அகலம் சிவப்பு தெரியட்டும். மேலே தூக்கி லேசாக உதறி, வயிற்றுப் பக்கத்தைக் கிண்ணத்தின் விளிம்பில் ஒருமுறை வழித்து, பார்ச்மென்ட் காகிதத்தில் வைத்து அரை அங்குலம் முன்னால் நகர்த்துங்கள். அப்படி நகர்த்தினால் அடியில் சாக்லேட் தேங்கித் தட்டையாகப் பரவாது. நெருக்கி வைக்காதீர்கள். உறையும்போது வெப்பம் வெளிவரும் என்றேனே, பிளான்ட் சிட்டியில் செடியைக் காப்பாற்றிய அதே விஷயம் இங்கே பளபளப்பைக் கெடுக்கும். பழங்களுக்கு நடுவில் காற்று போகட்டும், மின்விசிறி மெதுவாகச் சுற்றட்டும், அறை 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கட்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாகவே காகிதத்தை விட்டு வரும்.

இனிப் பிள்ளைகளின் நேரம். தோய்த்த ஸ்ட்ராபெரி ஏற்கனவே பாதி அமெரிக்கக் கால்பந்து. வெள்ளை சாக்லேட்டைச் சிறு கவரில் ஊற்றி, மூலையை ஊசி அளவு வெட்டி, நடுவில் ஒரு நீளக் கோடும் அதன் மேல் நான்கு குறுக்குக் கோடும் இழுத்தால் பந்தின் தையல் வந்துவிடும். பலர் இரண்டு முனையிலும் வெள்ளை வளையம் போடுகிறார்கள். அது கல்லூரிப் பந்து. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் பந்தில் வளையம் கிடையாது. ஒஹாயோ மாநிலத்தின் ஏடா என்ற சிற்றூரில், மாட்டுத் தோலில், கைவேலையாகச் செய்யப்படும் அந்தப் பந்தில் தையல் மட்டுமே வெள்ளை. ஆட்டத்தைக் கூர்ந்து பார்க்கும் பிள்ளை இருந்தால் இதை உங்களுக்கு அதுவே சொல்லிக்கொடுக்கும். கோடு கோணலாக வந்தால் திருத்தாதீர்கள். பிள்ளைகள் செய்தது என்று பார்த்தவுடனே தெரியட்டும், அந்தத் தட்டு முதலில் காலியாகும்.

ஸ்ட்ராபெரிக்கு ஒரு குறை உண்டு: அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே சாப்பிட வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் வேர்க்கும், அந்த வேர்வையில் சர்க்கரை கரைந்து காய்ந்து மேலே வெள்ளை பூத்துவிடும். வெளியே விட்டால் இரவுக்குள் பழம் கசிய ஆரம்பிக்கும். நம் ஊரில் ஆட்டம் ஆறரை மணிக்குத் தொடங்கும், இடைவேளை எட்டு மணியைத் தாண்டித்தான் வரும். எனவே நண்பகலுக்குக் கழுவி, இரண்டு மணிக்குத் தோய்த்து, இடைவேளைக்குத் தட்டை வெளியே கொண்டுவாருங்கள். முதல் பாதியில் காரமும் எண்ணெயும் சாப்பிட்டு அலுத்த வாய்க்கு அப்போதுதான் இது ருசிக்கும்.

ஞாயிறு வேலை அதிகம் என்பவர்கள் பேரீச்சைக்குப் போங்கள். எனக்கு அதுவே மேல் என்று கூடத் தோன்றும். மெட்ஜூல் பேரீச்சை பழுப்பாக, சுருக்கத்தோடு, நீள் உருண்டையாக, பந்து வடிவத்திலேயே வருகிறது. 1927இல் வால்டர் ஸ்விங்கிள் என்ற தாவர அறிஞர் மொராக்கோவிலிருந்து 11 கன்றுகளைக் கொண்டுவந்தார். நோய் பரவாதிருக்க அவற்றை நெவாடாவில் தனித்து வளர்த்தார்கள். பிழைத்தவை 9. அவையே பின்னர் கலிஃபோர்னியாவுக்குப் போய் இன்றைய தோப்புகளாகின. கொட்டையை எடுத்துவிட்டு ஒரு கரண்டி வேர்க்கடலை வெண்ணெயும் இரண்டு உப்புக் கல்லும் வைத்து மூடித் தோயுங்கள். ஈரம் குறைந்த பழம், வெள்ளிக்கிழமையே செய்து டப்பாவில் வைத்துவிடலாம். கடலை ஒவ்வாதவர்கள் எந்த வீட்டிலும் இருக்கலாம், கடலை வைத்த பேரீச்சைக்குத் தனித் தட்டும் தனிக் கரண்டியும் வேண்டும். கமலாச் சுளைகளும் நன்றாக இருக்கும், தோல் கிழியாமல் பிரித்து இரண்டு மணி நேரம் உலர்த்தினால் சரி. வாழைப்பழத்தைக் குச்சியில் குத்தி உறையவைத்துத் தோய்ப்பது கலிஃபோர்னியாவின் பால்போவா தீவில் பழைய வழக்கம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆப்பிள் கறுத்துவிடும், விட்டுவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். மேலே தூவும் சிவப்பு மணிகளில் கார்மைன் என்று எழுதியிருந்தால் அது பூச்சியிலிருந்து எடுத்த நிறமி. சைவக்காரர்கள் இருக்கும் வீட்டுக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள். நாய் வளர்க்கும் வீடு என்றால் தட்டை உயரத்தில் வையுங்கள். சாக்லேட்டிலுள்ள தியோபுரோமின் நாய்க்கு விஷம், டார்க் சாக்லேட்டில் அது இன்னும் அதிகம். எல்லோர் கண்ணும் டிவியில் இருக்கும் நேரத்தில்தான் நாய் மேசைக்கு வரும்.

கிண்ணத்தில் மீந்த சாக்லேட்டைக் காகிதத்தில் மெல்லியதாகப் பரப்பி, வறுத்த முந்திரியைத் தூவி இறுகவிடுங்கள், மறுநாள் பிள்ளைகளின் பள்ளி டப்பாவுக்கு ஆகும்.

பின்னால் மேசையில் பழங்கள் உலர்ந்து தயாராக இருக்கின்றன. கிண்ணம் இப்போது 32 டிகிரியில் இருக்கிறது, அதிக நேரம் அப்படியே நிற்காது. கேள்விகளைத் தோய்த்துக்கொண்டே பேசலாம். கைகளைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகள் முதலில் வாருங்கள்.